நூத்திப் பன்னெண்டு இலை

ஒரு ஊர்ல ஒரு அன்னமயில் இருந்தா. பறவை இல்ல கண்ணு, பொண்ணு. கோத்தகிரிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாங்க. மாமியார், மாமனார், புருஷன் மூணு பேருமே வாய் திறக்காதவங்க. இவளும் கூச்சக்காரி. வீடே கப்சிப்னு இருக்கும். ம் கொட்டு.

அப்போ அம்மா வீட்டுலேர்ந்து ஆறு விதை கொண்டுவந்தா. நாஸ்டர்ஷியம்னு ஒரு பூ. இலை குட்டிக் குடை மாதிரி வட்டமா இருக்கும், பூ ஆரஞ்சு நிறம். கொல்லையில ஊனிட்டு, "இது பூத்தாப் போதும் அத்தை"ன்னா. அவ வாய் விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். மனசுக்குள்ள, 'மூணு மாசம் பாப்போம். பூக்கலைன்னா இந்த வீட்டுக்கு நான் வேண்டாம், அம்மாகிட்டப் போயிடறேன்'னு நினைச்சுக்கிட்டா.

முதல் மாசம் எண்ணிப் பார்த்தா, பத்தொம்பது இலை. பூ இல்ல. ரெண்டாம் மாசம் நாப்பத்திமூணு. பூ இல்ல. மூணாம் மாசம் நூத்திப் பன்னெண்டு. மொட்டுகூட இல்ல.

தூங்கிட்டியா? சரி, ம்.

அப்புறம் விடியக்காலையில நாலு புடவையைப் பையில திணிச்சுக்கிட்டு, கொல்லைக் கதவைக் கிரீச்சுனு திறந்தா. அங்க புருஷன் குந்தியிருக்கான், கை நிறைய ஆட்டுப் புழுக்கை.

"என்னங்க இது?"

"தினம் ஒரு பிடி போடறேன். நீ பூ கேட்டியே."

அப்போ சளக் சளக்னு மாமியார் வந்தா, மீன் கழுவுன தண்ணியோட. பின்னாலேயே மாமனார், தகர டப்பாவுல ஊறவச்ச புண்ணாக்கோட. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முழிச்சாங்க.

"வாய்தான் திறக்க மாட்டீங்க, புண்ணாக்கு மட்டும் கரைப்பீங்களாக்கும்"னா மாமியார்.

"கொல்லையில ஏன் நாறுதுன்னு இப்பத்தான் தெரியுது"ன்னார் மாமனார்.

அன்னமயில் கலகலன்னு சிரிச்சுட்டா. "மாமா, இது சத்தில்லாத காஞ்ச மண்ணுலதான் பூக்கும். எரு போட்டா வெறும் இலையாத்தான் விடும். நீங்க மூணு பேரும் விருந்தே வச்சிருக்கீங்க."

சிரிக்கச் சிரிக்கக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

மாமியார் பையைப் பார்த்தா. "இது எதுக்கும்மா?"

அன்னமயில் பையை முதுகுக்குப் பின்னால தள்ளினா. அப்புறம், "இலை பறிக்கத்தான் அத்தை. நல்லா காரமா இருக்கும், துவையல் அரைக்கலாம்"னா.

நாலு புடவையும் கொடிக்குப் போச்சு. பை நிறைய இலை வந்துச்சு. மூணு தண்ணியில அலசி அரைச்சாங்க. மாமனார் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பூத்துச்சான்னு கேக்குறியா? அவ அப்புறம் எண்ணவே இல்லடா கண்ணு.

துவையலும் தீர்ந்துச்சு, கதையும் தீர்ந்துச்சு. கண்ணை மூடிக்கோ.