வாடையில் விரித்த பாய்

"அக்கா, இந்தப் பக்கம் வா! சீக்கிரம்!" நீர்நாய் சுழியன் கத்தினான்.

அணில் நகர்வதற்குள் தோணி இன்னும் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது. காயலின் நடுவே வாடைக்காற்று பாயை அறைந்து தள்ளிக்கொண்டிருந்தது. தோணி கரைக்குப் போகவில்லை. காயல் கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பார்த்து ஓடியது.

"பாயை இறக்குடா."

"முடிச்சு நனைஞ்சு இறுகிப்போச்சு. சுக்கானை விட்டா கவுந்துடும்."

"காத்து மாறிடுச்சே, போகலாமான்னு கரையிலயே கேட்டேன். என்ன சொன்ன?"

"நான் இருக்கேன்லன்னு சொன்னேன்."

"நல்லா இருக்க."

ஐப்பசி பிறந்ததுமே மற்ற தோணிகள் எல்லாம் கரையேறிவிட்டன. சுழியன் மட்டும் தன் தோணியை ஏற்றவில்லை. ஏற்றினால் மழை ஓயும்வரை சும்மா குந்தியிருக்க வேண்டும். வெயில் காலத்தில் "தோணிக்காரரே" என்று கூப்பிடுகிற அதே வாய்கள், மழைக்காலத்தில் "டேய் மீன்திருடா" என்று கூப்பிடும். தோணி இல்லாவிட்டால் தான் யார் என்று அவனுக்கே தெரியவில்லை. அதனால்தான் கடைசியாக ஒரே ஒரு தடவை என்று கிளம்பினான். அக்கரைக்குப் போக வேண்டியிருந்த அணிலுக்கு உதவி செய்ய ஒன்றும் கிளம்பவில்லை.

முகத்துவாரத்தில் அலை உடையும் சத்தம் கேட்டது.

தோணி கவிழ்ந்தால் அவன் நீந்திப் பிழைத்துக்கொள்வான். அணில் பிழைக்காது. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்தார்கள். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

அணில் பாய்மரத்தில் ஏறியது.

"அக்கா, வேணாம். விழுந்துடுவ."

"கீழ இருந்தா மட்டும் என்ன வாழுதாம்? ஆட்டாம பிடி."

காற்று அதன் வாலைப் பிய்த்துவிடுவது போல இழுத்தது. அணில் கயிற்றைக் கடித்தது. ஒரு இழை அறுந்தது. இன்னொன்று. கயிறு பட்டென்று விட்டது. பாய் கிழிந்து பறந்து கடலில் விழுந்தது. தோணி நிமிர்ந்தது. சுழியன் துடுப்பை எடுத்துக் கை மரத்துப்போகும்வரை போட்டான். எப்படியோ கிளம்பிய கரையிலேயே அலையாத்தி மர வேர்களில் வந்து மோதினார்கள்.

அணில் குதித்து இறங்கியது. "மழை விட்டதும் கூட்டிட்டுப் போறேன்கா" என்றான் சுழியன்.

"வேணாம்பா. நான் கரையைச் சுத்தி நடந்தே போயிக்கிறேன்." அது திரும்பிப் பார்க்கவில்லை.

பனைப்பொந்திலிருந்து உடும்பு தலையை நீட்டியது. அந்தக் காயலில் ஒரு வழக்கம் உண்டு. பருவம் முடிந்தால் தோணிக்காரன் பாயைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. உடும்பிடம் கொடுத்துவிட வேண்டும். உடும்பு பிடித்தால் விடாது. அழுதாலும் காலில் விழுந்தாலும் தை பிறந்த பிறகுதான் திருப்பித் தரும்.

"வாடை வீச ஆரம்பிச்ச அன்னைக்கு உங்கிட்ட என்னடா சொன்னேன்?" என்றது உடும்பு.

"பாயைக் கழட்டி உங்ககிட்ட குடுக்கச் சொன்னீங்கண்ணே."

"குடுத்தியா?"

"குடுக்கல. எங்கிட்டயே இருக்கட்டும், விரிக்க மாட்டேன்னு சொன்னேன்."

ஆசையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு அடக்கிவிடுவேன் என்று சொல்கிறவனை நம்பி, யாரும் தோணி ஏறக் கூடாது.