மானாக வாழப்போன செம்பி

காடு முடிகிற மலையடிவாரம் ஒன்றில் வீரணன் என்பவனுடைய ஆட்டுப்பட்டி இருந்தது. பட்டியில் நாற்பது வெள்ளாடுகள். முப்பத்தொன்பது ஆடுகள் தின்றன, அசைபோட்டன, படுத்தன. மிச்சமிருந்த ஒன்றுக்கு மட்டும் நின்ற இடத்தில் கால் தரிக்காது. அதன் பெயர் செம்பி.

வேலிக்கு அப்பால் புள்ளிமான்கள் துள்ளிப் போவதைக் கண்டால் செம்பிக்கு வயிறு எரியும்.

"அதுக்கும் நாலு கால், எனக்கும் நாலு கால். அதுக்குக் காடு, எனக்குப் பட்டியா? ஒருநாளாவது மானா வாழ்ந்து பார்த்தே தீருவேன்!"

ஒருநாள் மேய்ச்சலில் வீரணன் கண்ணயர்ந்தான். அந்த நேரம் பார்த்துச் செம்பி காட்டுக்குள் கம்பி நீட்டிவிட்டது.

புல்வெளியில் குட்டியோடு நின்ற பெண்மான் ஒன்று அதை ஏற இறங்கப் பார்த்தது.

"உனக்கு இங்கே என்ன வேலை?"

"உங்களை மாதிரி வாழ வந்திருக்கேன்."

"தாராளமா வாழு. ஆனா மூணு வாய் தின்னா ஒரு தடவை தலையைத் தூக்கிச் சுத்திப் பார்க்கணும். முடியுமா?"

"பூ, இவ்வளவுதானா!" என்றது செம்பி.

இரண்டே நாளில் அது மான்போலத் துள்ளியது, மான்போல நடந்தது, ஓடையில் மான்போலவே தண்ணீர் குடித்தது. தலையைத் தூக்கத்தான் மறந்தது. மூன்று வாய் முப்பது வாயாயிற்று. மான்களோ ஒரு சருகு அசைந்தாலும் காதைத் திருப்பின. காற்று மாறினால் இடம் மாறின. ஒரே பகலில் ஏழு இடம்! செம்பிக்கே சலித்துவிட்டது, குழந்தைகளே. கால் தரிக்காத ஆடு அது, அதற்கே கால் கடுத்தது.

"தின்னவும் விடாம, படுக்கவும் விடாம, இதென்ன பிழைப்பு? ஏன் இப்படி நடுங்கிச் சாகிறீங்க?" என்று எரிந்து விழுந்தது.

"நடுங்குறதாலதான் சாகாம இருக்கோம்" என்றது பெண்மான்.

மூன்றாம் நாள் காலை கூட்டம் ஒரு நாவல் மரத்தடிக்கு வந்தது. உச்சிக் கிளையில் ஒரு மந்தி உட்கார்ந்து தழை தின்றுகொண்டிருந்தது. அது பாதி தின்று போட்ட தழை கீழே பொலபொலவென்று விழுந்தது. செம்பிக்கு ஒரே கொண்டாட்டம்.

வீரணனும் தினம் மரத்தில் ஏறித் தழை ஒடித்துப் போடுவான். போடுமுன் 'ஓஹோய்' என்று ஒரு கூவல் போடுவான். நாற்பது ஆடுகளும் மரத்தடிக்கு ஓடிவரும்.

"இங்கேயும் ஒரு வீரணன் இருக்காரே!" என்று செம்பி குதித்தது.

"அது கத்தினா நிக்காதே. மரத்தை விட்டு விலகி ஓடு" என்று பெண்மான் எச்சரித்தது.

சொன்னது செம்பியின் காதில் விழுந்தது. காலுக்குத்தான் இறங்கவில்லை.

தழை தீர்ந்ததும் மான்கள் ஓடைப்பக்கம் நகர்ந்தன. செம்பியும் பின்னாலேயே போனது. சற்று நேரத்தில் மரத்தின் உச்சியிலிருந்து, "க்ஹோ! க்ஹோ!" என்று மந்தி அலறியது.

மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு அப்பால் பறந்தன. செம்பியும் ஓடியது, நேராக மரத்தடிக்கு! பிறந்த நாள் முதல் பழகிய கால்கள் வேறு எங்கே போகும்?

மரத்தடியில் புதுத்தழை ஒன்றும் இல்லை. செம்பி அண்ணாந்து பார்த்தது.

"கூப்பிட்டீங்களே அண்ணே, தழை எங்கே?"

"அட அறிவு கெட்ட ஆடே, ஓடு! புதருக்குள்ளே சிறுத்தை!"

"ஐயோ! அப்போ கம்பை எடுத்துக்கிட்டு இறங்கி வாங்கண்ணே!"

"என் பசிக்கு நான் தழை தின்னேன். உன்னை மேய்க்கவா வந்தேன்?" என்று கத்திவிட்டு மந்தி அடுத்த மரத்துக்குத் தாவியது.

செம்பிக்கு உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. காதுகள் தாமாகவே திரும்பின. புதருக்குள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மூன்று நாளில் அப்போதுதான் அது உள்ளபடியே மானாயிற்று. ஆனால், ஓடுவதற்கு ஓர் எட்டு இடமும் மிச்சமில்லை.

அன்று மாலையும் வீரணன் எண்ணிப் பார்த்தபோது பட்டியில் முப்பத்தொன்பதுதான் இருந்தன.

நீதி: பிறர் வாழ்வை வாழ்ந்து பார்க்க விரும்புகிறவர், அவர்களுடைய நடையை மட்டுமல்ல, அச்சத்தையும் முதலிலேயே கற்க வேண்டும்.