உலையும் வாளியும்

அந்த ஆய்வுக்கூடத்தில் குரு, சீடரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். குரு மெஹருன்னிசா பிரசவ விடுப்பு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தார். சீடர் தங்கையா, நாசரேத் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். டாக்டர் பட்டம் வாங்கியே தீருவது என்று சம்பளமில்லா விடுப்பில் வந்தவர். அந்த விடுப்பு இந்த வாரத்தோடு முடிகிறது.

அவர் வளர்த்தது ஏடு ஏடாகப் பிரியும் ஒரு படிகம். ஏடுகளுக்கு நடுவே செம்பு அணுக்கள் போய் உட்கார்ந்தால், கடுங்குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓட வேண்டும். தங்கையாவின் படிகங்களில் ஒன்றுகூட மசியவில்லை.

"நான் என்ன குறை வச்சேன், மேடம்?"

"உலையிலருந்து எப்படி எடுக்கிறீங்க, சார்?"

கேள்வி தங்கையாவுக்குப் பிடித்துப்போனது. அவருடைய பெருமையே அதில்தான் இருந்தது. தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். முழுக்க ஆறும்வரை உலைப் பக்கம் ஒருவரையும் அண்டவிட மாட்டார்.

"நாள்கணக்கா ஆறவிடுவேன், மேடம். அவசரப்படவே மாட்டேன்."

மெஹருன்னிசா எழுந்து போனார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, ஐஸ்கட்டிகளைக் கொட்டி, உலைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"கதவைத் திறங்க."

"உள்ள இருக்கிறது கடைசிப் படிகம், மேடம். இன்னும் செவசெவன்னு கொதிக்குது."

"அதனாலதான் திறக்கச் சொல்றேன்."

திறந்தார். படிகம் இருந்த குழாயை மெஹருன்னிசா இடுக்கியால் எடுத்து நேரே வாளிக்குள் போட்டார். சுர்ரென்றது. தங்கையா "ஏசுவே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் அதே படிகத்தை திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் இறக்கி அளந்தார்கள். திரையில் தடையைக் காட்டும் கோடு சோம்பலாக நகர்ந்து வந்தது. திடீரென்று சரிந்து விழுந்து, பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

தங்கையா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு சைபர் போட்டிருக்கேன், மேடம். சைபர் வாங்குறதுல இவ்வளவு சந்தோஷம் இருக்குன்னு தெரியாமப் போச்சு."

பிறகு கேட்டார். "செம்பு இந்தத் தடவைதான் உள்ள போச்சா?"

"எல்லாத் தடவையும் போச்சு, சார். மெதுவா ஆறவிட்டு, அது எந்திரிச்சு வெளிய போறதுக்கு நீங்கதான் நேரம் கொடுத்தீங்க."

தங்கையா தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் மனம் நிறைந்துபோய், கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"இனிக் கவலையில்லை. ஊருக்குப் போயி, காலேஜ்ல சேர்ந்து, நிதானமா யோசிச்சு, அடுத்த வருஷ லீவுல ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கிறேன், மேடம்."

மெஹருன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தார்; பிறகு உலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வாளி இன்னும் அங்கதான் இருக்கு, சார். ஐஸ் மட்டும் போட்டாப் போதும்."