ஜெசிந்தா போட்ட சுருள்

விடை சொல்லத் துணிச்சல் உள்ளவர்கள் மட்டும் உட்காருங்கள். "பாவம் அந்தப் பொம்பளை" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறவர்கள் எனக்கு வேண்டாம். ஜெசிந்தாவுக்கே அது பிடிக்காது.

ஜெசிந்தா மீன்பிடித் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவள். படகுக்காரர்கள் சங்கத்துக்குச் சொந்தமான தகர ஷெட்டில் வேலை. அந்த ஷெட்டின் சாவி அவள் இடுப்பில் இருக்கும்வரைதான் அவளுக்குப் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம். வேலையில் குறை கண்டுபிடிக்க முடியாதவர்கள் அந்த வாயைத்தான் குறை சொல்வார்கள்.

ஒருநாள் படகுக்காரர் அமலதாசனும் அவருடைய டிரைவர் சூசைமிக்கேலும் இன்ஜினின் தண்ணீர் பம்பைக் கழற்றி எடுத்து வந்தார்கள். சூசைமிக்கேல் படகு ஓட்டுவதில் கெட்டிக்காரர்தான். ஆனால் ஸ்பேனரின் முனையில் ஒரு நீளக் குழாயைச் செருகி, முழு பலத்தையும் போட்டு இறுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பம்பின் உடம்போ அலுமினியம். மூடியை நாலு போல்ட் பிடித்திருக்கும். அதில் ஒரு துளையின் உள்ளே போல்ட் திருகி ஏறும் மரை முழுக்க வழிந்துபோய், போல்ட் பிடிமானமில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா அந்தத் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, துகளை ஊதித் துடைத்துவிட்டு, உள்ளே ஓர் எஃகுக் கம்பிச் சுருளைத் திருகி இறக்கினாள். இனி அந்தச் சுருளின் உள்பக்கம்தான் மரை. பழைய போல்ட்டே அதில் ஏறும். சுருளைத் திருகுவதற்கென்று அதன் அடியில் ஒரு சின்ன வால் இருக்கும். அதைத் தட்டி ஒடித்து எடுத்து சூசைமிக்கேல் கையில் கொடுத்தாள்.

"வளைச்சுப் பாருங்க அண்ணாச்சி."

அவர் அழுத்திப் பார்த்தார். "யம்மா, நகம்லா பேந்துரும்!"

"இந்த ஒண்ணுல இனி எஃகு மரை. மத்த மூணும் அலுமினியந்தான், அதுவும் அரைச்சாவு செத்துக் கெடக்கு. அதுலயும் சுருள் போட்டுருவமா?"

"கெட்டது ஒண்ணுதான? ஒண்ணுக்குப் போட்டாப் போதும்" என்றார் அமலதாசன்.

"அப்ப குழாயைச் செருகாதீங்க. கையால இறுக்குங்க, போதும்."

சூசைமிக்கேல் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதற்கு என்ன செலவு?

அடுத்த தடவை கடலுக்குப் போன படகு நடுக்கடலில் நின்றது. பம்ப் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, தண்ணீரெல்லாம் வெளியே பீய்ச்சி, இன்ஜின் கொதித்து அடங்கிவிட்டது. இன்னொரு படகு வந்து இவர்களைக் கட்டி இழுத்து வந்து சேர்ப்பதற்குள் பிடித்த மீன் அத்தனையும் நாறிப்போனது. அன்றைக்கே சங்கம் கூடியது.

"இவ போட்ட சுருள்தான் புடுங்கிட்டு" என்றார் சூசைமிக்கேல். சரி, பம்ப் எங்கே என்று கேட்டால், ஆத்திரத்தில் கழற்றிக் கடலில் வீசிவிட்டாராம்! ஆனாலும் ஆதாரம் இருக்கிறது என்று, பிடி விட்டுப்போன அந்த ஒரு போல்ட்டை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் மரையில் பளபளவென்று ஏதோ சுருண்டு கிடந்தது.

"பாருங்க, அவ சுருள் அப்படியே போல்ட்டோட வந்துட்டு."

கூட்டம் ஆமாம் போட்டது. சங்கத் தலைவர் பெர்க்மான்ஸ் போல்ட்டை வாங்கி, அந்தச் சுருளை நகத்தால் நெருடிப் பார்த்தார். விரலில் ஒட்டிய துகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இங்க பாரும்மா. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு, ஷெட்டு ஒனக்குத்தான். இல்லன்னா சாவியை வச்சிட்டுப் போ."

எவ்வளவு சுலபமான வழி! ஒரே ஒரு வார்த்தை. ஜெசிந்தா சாவியை இடுப்பிலிருந்து உருவினாள். மேசையில் வைக்கவில்லை, கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சாவியும் வைக்க மாட்டேன், மன்னிப்பும் கேக்க மாட்டேன். நான் செஞ்ச வேலை தோத்துச்சுன்னு எவனாவது காட்டட்டும், அப்புறம் பேசுவோம்."

"திமிரப் பாரு" என்றார்கள். எனக்கோ கைதட்ட வேண்டும்போல இருந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பம்ப் கடலுக்கடியில் கிடக்கிறது, எடுத்துப் பார்க்க வழியில்லை. பழி யார்மேல்? ஜெசிந்தா மன்னிப்புக் கேட்க மறுத்தது திமிரா, நியாயமா? அதற்கான சாட்சி அந்த அறையிலேயே இருந்தது. எங்கே?

விடை: தலைவரின் வேட்டியில். எஃகுச் சுருள் நகம் பட்டால் உதிருமா? போல்ட்டில் சுருண்டு கிடந்தது, குழாய் போட்டு முறுக்கியதில் வழிந்து வந்த அலுமினிய மரை. அப்படியென்றால் பிடி விட்டது ஜெசிந்தா தொடாத துளைகளில் ஒன்று. அவள் போட்ட சுருள் கடைசிவரை மூடியைப் பிடித்துக்கொண்டே கடலுக்குள் போயிருக்கிறது. அவள் போல்ட்டை எடுத்து சூசைமிக்கேலிடம் நீட்டி, "அண்ணாச்சி, இதையும் வளைச்சுப் பாருங்க" என்றாள். அவர் கை நீளவே இல்லை. சாவி அவள் இடுப்புக்குத் திரும்பியது. சில நாளில் அமலதாசன் வேறொரு பழைய பம்பைத் தேடி வாங்கி, நாலு துளைக்கும் சுருள் போடச் சொல்லி, டிரைவரோடு ஷெட் வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டால்தான் கதவைத் திறப்பேன் என்றாள் ஜெசிந்தா. இரண்டு பேரும் கேட்டார்கள்.