அடுப்புக்கு எழுதிய சீட்டு

"அம்மா, இந்த அடுப்பு செத்துப் போச்சு. எடைக்குப் போட்டுடலாம்."

சொன்னவர் சோலையப்பன். முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் சிவப்பு. வயசு ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பார்த்தவர், வீட்டு அடுப்பு ஒன்றிடம் தோற்றுப்போய் நின்றார்.

அவர் 'அம்மா' என்று கூப்பிட்ட குருவுக்கு அவரைவிடப் பதினாறு வயசு கம்மி. பெயர் மங்கையர்க்கரசி. கொடைக்கானலுக்கு மேலே, எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன வீட்டில் மடம் நடத்துகிறார். அந்த இரும்பு விறகடுப்பும் வெள்ளைக்காரர் விட்டுப்போனதுதான்.

"என்ன பண்றது அது?" என்றார் குரு.

"புகையுது."

"அது எல்லாருக்கும் தெரியும்."

மூலையில் சோலையப்பனின் மனைவி தெய்வானை பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இழுப்பு. மூச்சு விட்டால் விசில் அடித்தது. புகையும் ஆகாது, குளிரும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடத்துக்கு வர ஆசைப்பட்டதே அவள்தான். இவர் சும்மா கூட வந்தவர். இன்றைக்கு நாலு மணி பஸ்ஸில் அவள் மலை இறங்கினால் இறங்கினதுதான், திரும்பி வரமாட்டாள்.

அது மூன்று பேருக்கும் தெரியும்.

"என்னென்ன பார்த்தீங்க?"

"புகைக்குழாய் தட்டிட்டேன். புகை கசியாம கதவைச் சுத்திப் புதுக் கயிறு வச்சேன். விறகு காய்ஞ்ச விறகு. குழாய்க்குப் போற வழியை லீவரால திறந்து வச்சா புகை வரலை, ஆனா சூடெல்லாம் குழாய் வழியா ஆகாசத்துக்குப் போயிடுது. மூடினா புகை வீட்டுக்குள்ள வருது. வேற என்னதான் பார்க்கிறது?"

"மூடினா புகை எது வழியாப் போகணும்?"

"உள்ள இருக்கிற வில்லை வழியா. அது சூடானா புகையையே எரிச்சிடும்."

"அதைப் பார்த்தீங்களா?"

சோலையப்பன் குனிந்து கதவுக் கயிற்றை மறுபடி அழுத்திவிட்டார்.

"பாய்லர் ராஜா பதில் சொல்லுங்க" என்றாள் தெய்வானை. சொல்லிவிட்டு இருமினாள்.

அடுப்பு ஆறும்வரை குரு கீரை ஆய்ந்தார். சோலையப்பன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு இரண்டு பேருமாக மேல் தகட்டைக் கழற்றினார்கள். வில்லை வந்தது. தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டையாக ஒரு பீங்கான்.

"ஜன்னல் பக்கம் பிடிங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

ஒரு ஓட்டைகூடத் திறந்திருக்கவில்லை. அத்தனையும் சாம்பல். அடியில் கரிந்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. வழவழப்பான காலண்டர் தாள். தாள் கறுத்துவிட்டது, எழுத்து மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"படிங்க" என்றார் குரு.

சோலையப்பன் படிக்கவில்லை. அவர் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?

தெய்வானை எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அடுப்பு புகை..." என்று படித்தாள். "மிச்சம் எரிஞ்சு போச்சு."

அந்த மடத்தில் ஒரு வழக்கம். அமாவாசைக்கு அமாவாசை, மனசில் உள்ள குறையைச் சீட்டில் எழுதி அடுப்பில் போட வேண்டும். மற்றவர்கள் நாலு விரல் அகலத்தில் எழுதுவார்கள். சோலையப்பனுக்கு முழு காலண்டர் தாளே பத்தாது. அடுப்பு புகைய ஆரம்பித்ததிலிருந்து அவர் எழுதினதெல்லாம் அடுப்பைப் பற்றித்தான்.

"ஏழு மாசமா எழுதிப் போட்டேன்" என்றார் மெதுவாக. பிறகு சுள்ளென்று கோபம் வந்தது. "அடுப்புல போடுன்னு சொன்னது யாரு?"

"நான்."

"அப்ப தப்பு யாரோடது?"

"என்னோடதும்தான். பிரஷ் எடுங்க."

அவர் கம்பி பிரஷைக் கொண்டுவந்தார். குரு அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, தன் பெயின்ட் பிரஷைக் கொடுத்தார். சுரண்டாமல் தள்ளச் சொன்னார். ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி வில்லையைக் கொதிக்க வைத்தார்கள். நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தார்கள். வீடே ஊறுகாய்ப் பானை மாதிரி மணத்தது.

காய்ந்ததும் சோலையப்பன் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். நூறு ஓட்டையிலும் தெய்வானை தெரிந்தாள்.

"என்ன பார்வை? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் அவள்.

மூன்றே கால். வில்லையைப் பொருத்தி அடுப்பைப் பற்ற வைத்தார். தீ பிடித்ததும் கை லீவருக்குப் போனது. குரு அந்தக் கைமேல் தன் கையை வைத்தார்.

"இப்ப மூடலாமா?"

"முள் எங்க இருக்கு?"

அடுப்பின் தலையில் சூடு காட்டும் முள் பாதியைக்கூடத் தொடவில்லை.

"எப்பவும் இப்பவே மூடிடுவேன்."

"ம்."

மூன்றரை. மூன்றே முக்கால். கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. தெய்வானை பையைத் தோளில் மாட்டினாள்.

"அம்மா..."

"முள்ளைப் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க."

முள் பாதிக் கோட்டைத் தாண்டியது. குரு கையை எடுத்தார். சோலையப்பன் லீவரைத் தள்ளினார்.

புகை வரவில்லை.

வெளியே ஓடினார். குழாய் வாயில் கானல் மட்டும் நெளிந்தது. உள்ளே ஓடி வந்து அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தார். வில்லை, பழுத்த மிளகாய் நிறத்தில் உள்ளே கனன்றது.

தெய்வானை ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொன்று இழுத்தாள். விசில் இருந்தது, ஆனால் இருமல் வரவில்லை. பஸ் நின்று, யாரையும் ஏற்றாமல் போகிற சத்தம் கேட்டது. அவள் பையை இறக்கி ஸ்வெட்டரை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினாள்.

சோலையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கரி முகத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டது. அழுகையும் சிரிப்புமாக எழுந்து, சுவரிலிருந்த காலண்டரில் போன மாசத்தைக் கிழித்தார். பேனாவைத் தேடினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் தெய்வானை.

"குறை இல்லடி. நன்றின்னு பெரிசா எழுதி உள்ள போடப் போறேன்."

குரு அடுப்புக் கதவைக் காலால் சாத்தினார்.

"அதுவும் காகிதம்தான்."