பொட்டலத்துக்குள் என்ன?

மழை ஓயாத ஒரு காட்டில், ஓடைக்கு மேலே பெயரில்லாத சிற்றீக்கள் கூட்டமாக ஆடிப் பறந்துகொண்டிருந்தன. அவற்றின் கல்யாண வழக்கம் விசித்திரமானது. ஆண் ஈ ஒரு கொசுவைப் பிடித்து, தன் முன்னங்காலில் சுரக்கும் பட்டில் சுற்றிப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் தளுக்கன் என்றொரு சோம்பேறி ஈ இருந்தது. அது கொசு பிடிக்காது. வெறும் பட்டையே பெரிதாக உருட்டி, பளபளவென்று கொண்டுபோய் நீட்டும். இதுவரை மாட்டிக்கொண்டதில்லை.

ஒரு நாள் காட்டரசன் புலியின் மூக்கைக் கொசுக்கள் கடித்து வீங்க வைத்துவிட்டன. "ஓடைப் பக்கம் ஒரு கொசு மிஞ்சக் கூடாது!" என்று தவளைகளுக்கு உத்தரவு போட்டது புலி. எது கொசு, எது வேறு என்று இனம் பிரித்துச் சொல்லத் தேவாங்கையும் கூடவே அனுப்பியது.

தவளைகள் கரையை வளைத்து உட்கார்ந்தன.

"ஐயா, நாங்கள் கொசு இல்லை!" என்று ஈக்கள் அலறின.

"இரண்டு இறக்கை, குச்சிக் கால். கொசு இல்லாமல் யானையா?" என்றது தலைமைத் தவளை. "தேவாங்காரே, சட்டென்று சொல்லுங்கள். பசி காதை அடைக்கிறது."

"பார்க்காமல் சொல்ல மாட்டேன்" என்றது தேவாங்கு.

"எங்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள், ஐயா. உள்ளே கொசு இருக்கும். கொசுவே கொசுவைப் பிடிக்குமா?" என்றன ஈக்கள்.

தேவாங்கு கையை நீட்டி, இருப்பதிலேயே பெரிய பொட்டலத்தைப் பிடித்தது. அது தளுக்கனுடையது. தளுக்கனுக்கு உயிரே போய்விட்டது.

பட்டுப் பிரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"காற்றைப் பொட்டலம் கட்டுகிறார்கள்!" என்று தவளைகள் சிரித்தன.

"கொசு எங்கே?" என்றது தேவாங்கு.

"வழியில்... தப்பித்துவிட்டது, ஐயா" என்றது தளுக்கன்.

"கட்டு அவிழாமலா?"

தவளைகள் ஒரு தாவல் முன்னே வந்தன. தளுக்கன் கூட்டத்தைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் இனி ஒரு பெண்ணும் தன்னைத் திரும்பிப் பார்க்காது. சொல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க யாருமே இருக்க மாட்டார்கள்.

"நான் மோசக்காரன், ஐயா! என்றைக்குமே வெறும் பட்டைத்தான் சுற்றினேன். என்னை வைத்து இவர்களை எடை போடாதீர்கள். இன்னொன்றைப் பிரியுங்கள்!"

தேவாங்கு யோசித்தது. தலைமைத் தவளை வாயைத் திறந்தே வைத்திருந்தது.

இன்னொரு பொட்டலம் பிரிந்தது. உள்ளே கொசு. மற்றொன்றிலும் கொசு.

தேவாங்கு உரக்கச் சொன்னது: "முன்னங்கால் தடித்தது, பட்டுச் சுரப்பது. மூக்கு கொசுவுடையதைவிடக் குட்டையானது. கொசுவை வேட்டையாடுவது. இது கொசு இல்லை. இதற்கு நடன ஈ என்று பெயர். யாரும் தொடக் கூடாது."

தவளைகள் முணுமுணுத்துக்கொண்டே வேறு குட்டைக்குப் போயின.

மறுநாள் தளுக்கன் படாத பாடு பட்டு, நிஜமாகவே ஒரு கொசுவைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"இது யார் பிடித்த கொசு?" என்று கேட்டுவிட்டு, பெண் ஈ விலகிப் பறந்தது.

நீதி: ஒருவன் செய்யும் ஏமாற்று, அவன் கூட்டத்தையே ஆபத்தில் தள்ளும்.