மங்காத கோடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் குரு, சீடர் என்ற பேச்செல்லாம் கிடையாது. எலிகள் உண்டு, நுண்ணோக்கி உண்டு, நினைத்தபோது ஓடும் ஒரு ஏசி உண்டு. ஆனாலும் ஹசீனா மேடத்திடம் சுபத்ரா கற்றதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இங்கே சீடருக்குத்தான் வயது அதிகம். பள்ளியில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் சுபத்ரா.

அவர்கள் ஆராய்ந்தது மூளைக்கும், முட்டையை உருவாக்கும் சூலகத்துக்கும் உள்ள உறவை. எல்ஹெச் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கிடுகிடுவென ஏறினால், அடுத்து முட்டை வெளியே வரும். எலிகளிடம் அந்த ஏற்றத்தைப் பிடித்துவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும். ஏற்றம் என்றாலே எங்களுக்கு நல்ல செய்தி. அந்தப் பழக்கம்தான் சுபத்ராவை ஏமாற்றியது.

அவருக்குக் குழந்தை இல்லை. கொஞ்ச காலமாகவே தூக்கமும் இல்லை. திடீரென்று உடம்பு கொதிக்கும். பேசிக்கொண்டே இருப்பார், பாதியில் வார்த்தை மறந்துபோகும். வேலை அதிகம் என்று அவரே காரணமும் சொல்லிக்கொள்வார்.

ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மேடம், மருந்துக்கடையில சிறுநீர்ல நனைச்சுப் பார்க்கற பட்டை வாங்கி வீட்லயே பார்த்தேன். எல்ஹெச் கோடு அவ்வளவு அழுத்தமா வந்திருக்கு."

கணவரோடு இருக்க லீவு போட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோதும் சிரிப்பு இருந்தது. ஆனால் கொஞ்சம் பயந்த சிரிப்பு.

"கோடு மங்கவே இல்ல மேடம். தினமும் அப்படியே இருக்கு. நல்லதுதானே?"

"கடைசியா மாதவிலக்கு எப்ப வந்தது?"

"அது... மாம்பழ சீசன்ல."

வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது.

ஹசீனா நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டார். எலி மூளையின் இரண்டு ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்.

"எது நல்லா இருக்கு, சொல்லுங்க."

முதலாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய செல்கள். இரண்டாவதில் இடமே இல்லாமல், அடர்ந்த நிறத்தில்.

"ரெண்டாவதுதான் மேடம். எவ்வளவு சுறுசுறுப்பு!"

"முதலாவது சாதாரண எலி. ரெண்டாவதுக்குச் சூலகத்தை எடுத்ததே நீங்கதான்."

சுபத்ரா கண்ணை எடுக்கவில்லை.

"சூலகமே இல்லாம இதெல்லாம் எதுக்கு..."

"சூலகத்துலேருந்து ஈஸ்ட்ரோஜன் வந்தாத்தான் இந்தச் செல்களுக்குக் கீழே ஆள் இருக்குன்னு தெரியும். வரலைன்னா எல்ஹெச்சை ஏத்தி இன்னும் உரக்கக் கூப்பிடும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அதுக்குத் தெரியாதே, ஆள் இல்லைன்னு."

சுபத்ராவுக்குப் புரிந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் அவங்கம்மாகிட்ட, குழந்தை வரப்போகுதுன்னு சொல்லிட்டார் மேடம்" என்றார். அப்புறம் அழுதார். ஒருவர் அழும்போது பக்கத்தில் நிற்க எனக்குத் தெரியாது. எலிக்கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். அங்கேயும் கேட்டது.

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. சூலகம் காலத்துக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. எலும்புக்கும் தூக்கத்துக்கும் வேண்டும் என்று ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார் மருத்துவர். சுபத்ரா அதை வாங்கினார், போடவில்லை. நாளுக்கு நாள் ஆள் இளைத்துப்போனார். மாடிப்படியில் தடுமாறினார். தன் எலிகளையே கூண்டு மாற்றி விட்டார். யாராவது கேட்டால் எரிந்து விழுந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் ஹசீனா நேராகவே கேட்டார்.

"ஏன் போடல?"

"போட்டா மூளை அடங்கிடுமே மேடம்."

"அடங்கும்."

"வீட்ல எல்லாரும் நம்பிக்கையை விட்டுட்டாங்க. அவர்கூட விட்டுட்டார். இப்ப என் புள்ளைக்காகக் கூப்பிட்டுக்கிட்டிருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நானே எப்படி அடக்கறது?"

ஹசீனா எழுந்துபோய் இன்னொரு ஸ்லைடை எடுத்துவந்து வைத்தார்.

"இதுவும் சூலகம் எடுத்த எலிதான். தோலுக்கடியில ஈஸ்ட்ரோஜன் கசியற சின்னக் குழாய் வச்சோம்."

சுபத்ரா குனிந்து பார்த்தார். வெளிறிய செல்கள், அங்கொன்றும் இங்கொன்றும்.

"மத்ததெல்லாம் செத்துப்போச்சா?"

"இல்லக்கா." அவர் சுபத்ராவை அக்கா என்று கூப்பிட்டு நாங்கள் கேட்டதே இல்லை. "கத்தினது போதும், எங்களுக்குக் கேட்டுச்சுன்னு யாரோ அதுகிட்ட சொல்லியிருக்காங்க."